ஸோங் கப்பல் வழக்கும் அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் கணக்கேடுகளும்: விவாத இழை

நெய்தல்நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

1781 நவம்பர் 29 அன்று, கரிபியக் கடலில் ஜமைக்காவைத் தவறவிட்டு அப்பால் சென்றுவிட்ட ஸோங் என்னும் லிவர்பூல் கப்பலின் மாலுமிகள், கீழ்த்தளத்தில் அடைத்து வைத்திருந்த ஆப்பிரிக்கப் பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரைக் கடலில் தள்ளினார்கள். டிசம்பர் 1 அன்று 42 ஆண்களைத் தள்ளினார்கள். அடுத்த சில நாள்களில் மேலும் 36 பேர் தள்ளப்பட்டனர். பிறர் கைபட்டுச் சாக மறுத்துத் தாமே குதித்து மாண்டவர்களும் இருந்தனர். ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள அக்ராவிலிருந்து புறப்பட்டபோது அக்கப்பலில் 442 அடிமைகள் இருந்தார்கள். டிசம்பர் 22 அன்று ஜமைக்காவில் கரை சேர்ந்தபோது எஞ்சியவர்கள் 208 பேர்.

இச்செய்தி இன்று நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் கொலை வழக்கு அன்று, காப்பீட்டு வழக்கு. குடிநீர் போதாமையால் சரக்கின் ஒரு பகுதியைக் கைவிட நேர்ந்தது என்று கூறி, கப்பலின் உரிமையாளரான வில்லியம் கிரெக்சனும் அவருடைய கூட்டாளிகளும் தலைக்கு 30 பவுண்டு இழப்பீடு கேட்டனர். 1783 மார்ச்சில் லண்டனில் கூடிய நடுவர் குழு அவர்களுக்குச் சார்பாகவே முடிவு சொன்னது. காப்பீட்டாளர்கள் மேல்முறையீடு செய்ய, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு மே மாதம் அதை விசாரித்தார். குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கும் இதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை என்பதே நடுவர் குழுவின் நிலைப்பாடாக இருந்தது என்பதை அவரே எடுத்துரைத்தார். கடைசித் தொகுதியினர் தள்ளப்படுவதற்கு முன்பே மழை பெய்து நீர் சேர்ந்திருந்தது என்ற சாட்சியம் வெளிவந்ததால் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அம்மறுவிசாரணை நடந்ததற்கான பதிவு இல்லை. எவர் மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை.

நான் இங்கே வைக்க விரும்பும் கருத்து இதுதான். ஸோங் நிகழ்வு கொடியவன் ஒருவன் செய்த விதிவிலக்கான செயல் அன்று. அந்த வணிகத்தின் கணக்கு முறையிலேயே அதற்கான இடம் முன்கூட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. இதை ஏற்போரும் மறுப்போரும் ஆதாரங்களோடு எழுத வேண்டுகிறேன்.

---

மரக்கலம்

ஐயா, நிகழ்வின் கொடுமையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் அதை முழு வணிகத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தயங்குகிறேன். 1501 முதல் 1867 வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மக்கள் ஆப்பிரிக்கக் கரைகளில் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர் மறுகரையில் இறக்கப்பட்டனர் என்றும், 36,000-க்கும் மேற்பட்ட பயணங்களின் பதிவுகளைத் திரட்டி வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். இடையில் மாண்ட 18 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அம்மையும். கப்பல் தலைவனுக்கு ஒவ்வோர் உயிரும் பணம் என்பதால், அவர்களை உயிரோடு கொண்டு சேர்ப்பதில்தான் அவனுடைய ஆதாயம் இருந்தது. இறப்பு விகிதம் 17-ஆம் நூற்றாண்டைவிட 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறைந்ததும் அதனால்தான்.

மேலும், ஸோங் கப்பலின் தலைவன் லூக் கோலிங்வுட் அதற்கு முன்பு கப்பல் மருத்துவராகப் பணியாற்றியவர். கப்பலைத் தலைமையேற்று நடத்தியது அதுவே முதன்முறை. அவரும் நோயுற்றிருந்தார். ஜமைக்காவைக் கண்ணால் கண்டும் அதை வேறொரு தீவென்று தவறாகக் கணித்துக் கடந்து சென்றார்கள். அனுபவமின்மையும் குழப்பமும் சேர்ந்து விளைவித்த பேரிடர் என்று இதைக் கருத இடமில்லையா?

---

நெய்தல்நிலவன்

தாங்கள் தந்த எண்கள் சரியானவை, அவற்றை மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் எழுந்த குழப்பம் ஏன் அந்த வடிவத்தில் முடிந்தது என்பதே என் கேள்வி.

அக்காலக் கடற்காப்பீட்டு வழக்கப்படி, அடிமை நோயால் இறந்தால் அது "இயற்கை மரணம்". இழப்பு உரிமையாளரைச் சேரும். கப்பலைக் காப்பாற்றும் பொருட்டு வேறு வழியின்றிச் சரக்கைக் கடலில் எறிந்தால் இழப்பு காப்பீட்டாளரைச் சேரும். நவம்பர் இறுதிக்குள் அக்கப்பலில் அறுபதுக்கும் மேற்பட்ட அடிமைகள் நோயால் மாண்டிருந்தனர். மேலும் பலர் படுத்த படுக்கையாக இருந்தனர். படுக்கையிலேயே இறந்தால் உரிமையாளருக்கு ஒரு காசும் ஈட்டித் தராத அதே மனிதர், கடலில் தள்ளப்பட்டால் 30 பவுண்டு ஈட்டித் தருவார். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது கோலிங்வுட் அல்லர். லண்டனில் மேசை முன் அமர்ந்து காப்பீட்டு ஒப்பந்தம் எழுதியவர்களும் அதற்கு முன்பே அதை ஏற்றுப் பழகிய நீதிமன்றங்களும்தான்.

உயிரோடு கொண்டு சேர்ப்பதில் ஆதாயம் இருந்தது என்பது உண்மையே. ஆனால் அந்த ஆதாயம் ஒவ்வொருவர் உயிரையும் தனித்தனியே காக்கவில்லை. மொத்தத்தில் எத்தனை விழுக்காடு இழப்பைத் தாங்கலாம் என்றுதான் கணக்கிட்டது. 1788-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கொண்டுவந்த டால்பன் சட்டத்தைப் பாருங்கள். கப்பலின் டன் அளவுக்கேற்ப எத்தனை பேரை ஏற்றலாம் என்று பிரித்தானியாவில் முதன்முறையாக வரம்பு விதித்த அச்சட்டம், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சாகவில்லையென்றால் கப்பல் தலைவனுக்கு 100 பவுண்டும் மருத்துவருக்கு 50 பவுண்டும் பரிசு என்றது. மூன்று பேருக்கு மேல் சாகவில்லையென்றால் அதில் பாதி. புரூக்ஸ் என்ற லிவர்பூல் கப்பல் இச்சட்டப்படி 454 பேரை ஏற்றலாம். வெறும் பலகையில் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் உருவங்களோடு ஒழிப்பு இயக்கத்தார் பரப்பிய புகழ்பெற்ற வரைபடம் அந்தச் சட்டபூர்வமான எண்ணிக்கையைத்தான் காட்டியது. சட்டத்துக்கு முந்தைய பயணமொன்றில் அக்கப்பல் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றிருந்தது.

ஸோங் வழக்கை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாமே அடிமையாக இருந்து, தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ஒலாடா எக்வியானோ 1783 மார்ச் 19 அன்று, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிவந்த கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக்குச் சென்று செய்தியைத் தெரிவித்தார். கொலை வழக்குத் தொடர வேண்டுமென்று ஷார்ப் கடற்படைத் தலைமைக்கு எழுதினார். பதில் வரவில்லை.

---

வாசுகி

அருமையான விவாதம். எனக்கு ஓர் ஐயம். ஆப்பிரிக்க மன்னர்களும் வணிகர்களும்தான் மக்களைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்றும், ஐரோப்பியர் கரையில் காத்திருந்து வாங்கியதோடு சரி என்றும் பலர் எழுதுகிறார்கள். அப்படியானால் பொறுப்பில் பெரும்பங்கு அவர்களைத்தானே சேரும்?

---

ஏடறிவோன்

வாசுகி அம்மா கேட்டதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிடித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. தகோமி, அசாந்தே, ஓயோ முதலிய மேற்கு ஆப்பிரிக்க அரசுகள் போரில் சிறைபிடித்தோரை விற்றுச் செழித்தன. இன்றைய நைஜீரியாவிலுள்ள பழைய கலபார் துறைமுகத்தின் எஃபிக் இன வணிகரான அன்டெரா டியூக் 1780-களில் தம் அன்றாட வணிகத்தைக் கலப்பு ஆங்கிலத்தில் நாட்குறிப்பாக எழுதியிருக்கிறார். எத்தனை பேர் விற்கப்பட்டார்கள், எந்தக் கப்பல் தலைவர் விருந்துக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் ஒரே தொனியில் வருகின்றன. அதைப் படிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

ஆனால் "கரையில் காத்திருந்து வாங்கினார்கள்" என்ற தொடர் நடந்ததைப் பாதிதான் சொல்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் சரக்கைக் கடனாக முன்கூட்டியே கொடுத்தன. அக்கடனுக்குப் பிணையாக வணிகரின் உறவினர்களே கப்பலில் நிறுத்தப்பட்டனர். குறித்த காலத்தில் ஆள்கள் வந்து சேராவிட்டால் பிணையாக நின்றவர்களே அடிமைகளாகக் கொண்டு செல்லப்படலாம். கடன் உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்ல, ஆள் பிடிக்கும் எல்லையும் உள்ளே நகர்ந்தது. துப்பாக்கியும் வெடிமருந்தும் இறக்குமதியான இடங்களில், அண்டை நாடு அவற்றைப் பெற்றுவிட்ட பின் ஓர் அரசு வணிகத்திலிருந்து விலகி நிற்பது தன் மக்களையே இரையாக்குவதற்கு ஒப்பாகிவிட்டது.

விலகி நிற்க முயன்றவரும் உண்டு. காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ 1526-இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவாவுக்கு எழுதிய கடிதத்தில், வணிகர்கள் தம் குடிகளையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் தம் உறவினரையும்கூட நாள்தோறும் பிடித்துச் செல்வதால் நாடு வெறுமையாகிறது என்று முறையிட்டார். வழிபாட்டுக்கு வேண்டிய திராட்சை மதுவும் மாவும் தவிர வேறு சரக்கு வேண்டாம், குருமாரும் ஆசிரியர் சிலரும் வந்தால் போதும் என்றார். அவர் கிறித்தவர், போர்ச்சுகீசிய மொழியில் எழுதக் கற்றவர், போர்ச்சுகல் மன்னரைச் சகோதரர் என்று அழைத்தவர். அப்படிப்பட்டவர் கேட்டும் வணிகம் நிற்கவில்லை. பின்னர் 1570-களில் போர்ச்சுகீசியர் இன்றைய அங்கோலாவிலுள்ள லுவாண்டாவில் தமக்கென ஒரு நகரையே நிறுவினர். அட்லாண்டிக்கைக் கடந்த மிகப்பெரிய எண்ணிக்கை பிற்காலத்தில் அங்கிருந்துதான் புறப்பட்டது.

தேவையை எது உண்டாக்கியது என்பதைக் கரும்புத் தோட்டங்களில்தான் பார்க்க வேண்டும். பிரித்தானியக் கரிபியத் தீவுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கப்பட்டார்கள். 1834-இல் அங்கே எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர். வட அமெரிக்க நிலப்பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக வந்தோர் நான்கு லட்சத்துக்கும் குறைவு. 1860-இல் அங்கே அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். வட அமெரிக்காவில் அடிமைமுறை கருணையோடு நடந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கரும்பு வெட்டும் பருவத்தில் இரவு பகலாக ஆலையை ஓட்டி, உழைப்பவர் செத்தால் புதியவரை வாங்கிக்கொள்வது குழந்தைகளை வளர்ப்பதைவிட மலிவு என்று தோட்ட முதலாளிகள் கணக்கிட்ட இடங்களில் மக்கள்தொகை தானாகப் பெருக முடியவில்லை என்பதே பொருள். பிரேசிலும் இப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அங்கேதான் இறக்கப்பட்டனர். ரியோ டி ஜெனிரோவின் வலோங்கோ துறையில் மட்டும் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் கரையிறங்கியதாக மதிப்பிடப்படுகிறது.

நெய்தல்நிலவன் ஐயா சொன்ன கணக்கு முறை காப்பீட்டுத் தாளோடு நிற்கவில்லை. ஆலையின் செலவுக் கணக்கிலும் அதுவே இருந்தது. பொறுப்பை எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும், இலாபம் போய்ச் சேர்ந்த இடத்தை மறந்துவிட்டுப் பங்கிட முடியாது.

---

கைத்தறி

கடனாகக் கொடுத்த சரக்கு என்ன என்பதை ஏடறிவோன் ஐயா சொல்லாமல் விட்டதால் நான் சேர்க்கிறேன். அதில் மிகப் பெரும் பங்கு துணி. அத்துணியில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து சென்றது.

இங்கிலாந்தில் அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கு 1700-லும் 1721-லும் சட்டங்கள் தடை விதித்தன. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஏலத்தில் வாங்கப்பட்ட சோழமண்டலக் கரைத் துணியும் குஜராத், வங்காளத் துணிகளும் லிவர்பூலுக்கும் பிரிஸ்டலுக்கும் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்குச் சென்றன. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போன அவுரிச் சாயமிட்ட நீலத்துணி, பிரெஞ்சு அடிமை வணிகத்தின் தலைமைத் துறைமுகமான நாந்த் வழியாகச் சென்றது. தரங்கம்பாடியை வைத்திருந்த டேனியர்களுக்கு அக்ராவில் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையும் கரிபியத்தில் சர்க்கரைத் தீவுகளும் இருந்தன. ஆப்பிரிக்க வாங்குவோர் நிறத்தையும் நெசவையும் நன்கறிந்தவர்கள். மான்செஸ்டர் நெசவாலைகள் இந்தியத் துணியைப் போலவே செய்து அனுப்பிய போலிகளை அவர்கள் நெடுங்காலம் ஏற்க மறுத்தார்கள்.

சோழியும் இப்படியே. மாலத்தீவில் பொறுக்கப்பட்ட சோழிகளை டச்சுக்காரர்கள் இலங்கை வழியாகவும் ஆங்கிலேயர் வங்காளம் வழியாகவும் கப்பலின் அடிச்சுமையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் விற்றனர். பெனின் வளைகுடாக் கரையில் அவையே நாணயம். ஒரு மனிதரின் விலை அவற்றால் எண்ணப்பட்டது.

எங்கள் ஊர்த் தறியில் நெய்தவருக்கு அத்துணி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கம்பெனித் தரகர் முன்பணம் கொடுத்து அவரையும் கடனில் கட்டி வைத்திருந்தார். நெசவாளர் மேல் நான் குற்றம் சுமத்தவில்லை. ஆனால் சோழமண்டலத் துணி உலகெங்கும் சென்ற பெருமையைப் பேசும்போது, அது சென்ற துறைமுகங்களில் இவையும் அடங்கும் என்று நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்ல வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

---

மரக்கலம்

காப்பீட்டு விதி குறித்த விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இதுவரை எழுதியவற்றில் கப்பலேற்றப்பட்டவர்கள் எண்களாகவே வருகிறார்கள். அவர்கள் எதிர்த்தார்கள். பத்துப் பயணங்களில் ஒன்றிலாவது கலகம் நிகழ்ந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மேல்தளத்தின் குறுக்கே மாலுமிகள் பலகைத் தடுப்பு எழுப்பி அதன்மேல் பீரங்கியைத் திருப்பி வைத்ததும், எவரும் குதித்துவிடாதபடி கப்பலைச் சுற்றி வலை கட்டியதும், சாதாரணச் சரக்குக் கப்பலைவிடக் கூடுதலான மாலுமிகளைச் சேர்த்ததும் அந்த அச்சத்தால்தான். இச்செலவுகளும் கணக்கேட்டில் ஏறின.

எல்லாவற்றுக்கும் மேலாக ஹைட்டி. 1791 ஆகஸ்டில், அன்று செயின்ட் டொமிங் என்ற பெயரில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்நாட்டில் எழுந்த அடிமைகள் பிரெஞ்சு, ஸ்பானிய, பிரித்தானியப் படைகளையும் பின்னர் நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து 1804-இல் விடுதலை பெற்ற நாட்டை அமைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. 1838-இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. தம் உடம்புக்குத் தாமே விலை கொடுக்கும் கடனை அடைக்க மீண்டும் கடன் வாங்கி, அதன் வட்டியை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாடு சுமந்தது.

---

வாசுகி

பிரித்தானியாவும் முதலாளிகளுக்குத்தான் ஈடு கொடுத்ததா? விடுதலையானவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா?

---

ஏடறிவோன்

ஆம், அம்மா. பிரித்தானிய நாடாளுமன்றம் 1807-இல் வணிகத்தைத் தடை செய்தது. அடிமைமுறையைத் தடை செய்யவில்லை. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833-இல் நிறைவேறி 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் இது ஏறத்தாழ 40 விழுக்காடு. லண்டன் நிதியாளர்களான நேதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் திரட்டித் தந்த 1 கோடியே 50 லட்சம் பவுண்டு கடனிலிருந்து இதன் பெரும்பகுதி வந்தது. பின்னர் வேறு கடன் பத்திரங்களோடு சேர்க்கப்பட்ட அக்கடன் 2015-இல்தான் முழுவதும் தீர்ந்தது என்று பிரித்தானிய நிதித்துறையே தெரிவித்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களும் தாங்கள் செலுத்திய வரியால் அக்கடனை அடைத்தார்கள் என்று இதற்குப் பொருள்.

இழப்பீடு கேட்டோர் ஏறத்தாழ 46,000 பேர். பெரிய தோட்ட முதலாளிகளோடு, ஓரிரு அடிமைகளை வைத்து வாடகைக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண்களும் திருச்சபைக் குருமாரும் அப்பட்டியலில் உள்ளனர். விடுதலையானோர் எட்டு லட்சம் பேர். அவர்களில் ஒருவருக்கும் ஒரு காசு இல்லை. அதற்கு மாறாக, "தொழில் பழகுநர்" என்ற பெயரில் பழைய முதலாளிக்கே ஊதியமின்றி உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1838-இல்தான் அது முடிந்தது.

பெருந்தொகை பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன்; பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,500-க்கும் மேற்பட்டோருக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் பெற்றார். அவரே 1836-இல் கல்கத்தாவிலிருந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, கயானாவிலுள்ள தம் தோட்டங்களுக்கு இந்தியக் கூலியாள்களை அனுப்பக் கேட்டார். விட்பி, ஹெஸ்பரஸ் என்ற கப்பல்கள் 1838 மே மாதம் அவர்களைக் கொண்டு சேர்த்தன. மொரீஷியசுக்கு அது 1834-லேயே தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்தும் பின்னர் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கப்பலேறினார்கள். ஒப்பந்தக் கூலிமுறையும் அடிமைமுறையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு இருந்தது, பிறக்கும் குழந்தை சொத்தாகப் பதியப்படவில்லை. ஆனால் ஆப்பிரிக்கர் வெளியேறிய குடில்களிலேயே நம்மவர் பலர் குடியமர்த்தப்பட்டனர்.

---

கைத்தறி

1833-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கும் அடிமைமுறையை ஒழித்ததா? அக்காலத்தில் தஞ்சாவூரிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்து ஆள்கள் விற்கப்பட்டிருக்கிறார்களே.

---

நெய்தல்நிலவன்

ஒழிக்கவில்லை. அச்சட்டத்தின் 64-ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இது பொருந்தாது என்று தெளிவாகவே கூறுகிறது. இந்தியாவுக்கு 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் வந்தது. இலங்கையில் 1844-இல் ஒழிக்கப்பட்டது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் எவரையும் விடுதலை செய்ததாக அறிவிக்கவில்லை. ஒருவரைத் தன் அடிமை என்று உரிமை கோருபவரின் கோரிக்கையை நீதிமன்றங்கள் இனி ஏற்கா, வரி பாக்கிக்காக அரசு அதிகாரிகள் ஆள்களை விற்கக் கூடாது என்ற அளவில் நின்றுகொண்டது. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தால். அது நடைமுறைக்கு வந்தது 1862-இல். இடைப்பட்ட ஆண்டுகளில், நீதிமன்றத்தை அணுகும் வழியறியாத பண்ணையாள் ஒருவருக்குத் தம்மைக் கட்டி வைத்திருந்த உரிமை செல்லாததாகிவிட்டது என்பதை எடுத்துச் சொல்லும் கடமை எந்த அலுவலருக்கும் விதிக்கப்படவில்லை.

தஞ்சாவூர், மலபார் பற்றிய கேள்விக்குத் தனி இழையே வேண்டும். அங்கே சாதியும் நிலவுரிமையும் அடிமைமுறையோடு பின்னிக் கிடப்பதால், அட்லாண்டிக் வணிகத்தை விளக்கிய சட்டகத்தை அப்படியே எடுத்துப் பொருத்த இயலாது. அங்கே ஆவணங்கள் வேறு வகையானவை: ஆள் விற்ற ஓலைகள், மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகள், 1841-இல் சட்ட ஆணையம் அளித்த நீண்ட அறிக்கை. கைத்தறி அவர்கள் அவ்விழையைத் தொடங்கினால், அந்த அறிக்கையில் சென்னை மாகாணத்தைப் பற்றிய பகுதியைச் சுருக்கி எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.